மலிவான டியூப் கிடார் ஆம்ப்: வாங்கிப் பட்டவர்கள் சொல்லுங்கள்

ஆறுகம்பி:
மூன்று வருடமாக ஒரு சின்ன சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்) ஆம்பில்தான் கிடார் வாசிக்கிறேன். பெரிய குறை ஒன்றும் இல்லை. போன மாதம் நண்பனுடைய 5 வாட் டியூப் (பழைய கண்ணாடி வால்வு) ஆம்பில் பத்து நிமிடம் வாசித்தேன், அதுதான் வினையாகிவிட்டது. பிக்கை மெதுவாகத் தேய்த்தால் தெளிவாக வருகிறது. எதையும் மாற்றாமல் அழுத்தி அடித்தால் உறுமுகிறது. நடுவில் பெடல் எதுவும் இல்லை. கிடாரின் வால்யூமைப் பாதி குறைத்தால் மறுபடி சாதுவாகிவிடுகிறது. என் ஆம்பில் குறைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பட்ஜெட் சிறியது. செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி. 5 வாட் போதும் என்கிறார் ஒருவர். 15க்குக் கீழே போகாதே என்கிறார் இன்னொருவர். 40 வாங்கினால் நாளைக்கு மேடைக்கும் ஆகுமே என்கிறார் மூன்றாமவர். வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

நாற்பது வாட்:
அந்த மூன்றாமவர் பேச்சைக் கேட்ட ஆள் நான். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நாளைக்கு மேடை என்று நினைத்து வாங்கினேன். மேடை வரவே இல்லை, படுக்கையறைதான் வாய்த்தது. வால்யூம் 1-இல் இருந்தால் கொசு ரீங்காரம். 2-ஐத் தொட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம், அதைத் தேடுவதிலேயே ஒரு வருடம் போயிற்று. ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் பவர் டியூப் உழைக்க ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. எதற்காக டியூப் வாங்கினேனோ அது நடக்கவே இல்லை.

கணக்கு பிறகுதான் தெரிந்தது. வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபெல்தான் குறையும். காதுக்கு லேசாகக் குறைந்த மாதிரிதான் இருக்கும். சத்தம் பாதியான மாதிரி படவேண்டுமென்றால் சுமார் 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 40 வாட்டின் பாதிச் சத்தம் 20-இல் வராது, 4-இல்தான் வரும்! விற்றுவிட்டேன். இப்போது இஎல்84 என்ற பவர் டியூப் ஒன்றே ஒன்று போட்ட 5 வாட். அதற்கே வீட்டில் "கொஞ்சம் குறைச்சுக்கோ" என்கிறார்கள்.

கிளீன் மட்டும்:
நாற்பது வாட் சொல்வது தனியாக வாசிப்பவருக்குச் சரி. டிரம்மர் வந்துவிட்டால் கதை வேறு.

என் முதல் டியூப் ஆம்ப் பழைய ஃபெண்டர் சாம்ப் வகையைப் பார்த்துச் செய்த ஒன்று. கிடார் சிக்னலைப் பெருக்க ஒரு சின்ன 12ஏஎக்ஸ்7 டியூப், பவருக்கு ஒரு 6வி6, எட்டங்குல ஸ்பீக்கர், 5 வாட். தனியாக வாசிக்கும்போது தேன். பயிற்சிக்குக் கொண்டுபோனேன். டிரம்மர் குச்சியைத் தூக்கியதும் நான் காணாமல் போனேன். ஏற்றினால் சத்தம் கூடவில்லை, கிளீன்தான் (பிசிறில்லாத ஒலி) கரகரவென்று உடைந்தது. எனக்கு டிஸ்டார்ஷன் ஆகாது, எனவே அந்த உறுமல் எனக்கு வரம் இல்லை, தொல்லை. பிறகு ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் வாங்கினேன். 15 வாட், இரண்டு இஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7, பன்னிரண்டங்குல ஸ்பீக்கர். வாக்ஸ் ஏசி15-இலும் பவர் பக்கம் அதே இரண்டு இஎல்84தான். டிரம்மர் அடக்கி வாசிக்கும் ஆள் என்றால் 15 வாட்டில் கிளீன் நிற்கும். வெறி பிடித்த ஆள் என்றால் நிற்காது.

ஆனால் ஆறுகம்பி, உங்கள் பதிவு முழுக்க வாட்தான். ஸ்பீக்கர் என்ற சொல்லே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் சும்மா, அந்த 5 வாட் ஆம்பின் ஒயரைக் கழற்றி ஒரு பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் பெட்டியில் செருகினேன். இரண்டின் மின்தடை அளவும் 8 ஓம் என்று பார்த்துவிட்டுத்தான். முதல் கார்டை (சுரக்கூட்டை) மீட்டியதுமே கையை எடுத்துவிட்டேன். வேறு ஆம்ப்! ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, பழைய எட்டங்குலத்தின் முதுகில் 93 டெசிபெல் என்று போட்டிருந்தது, இதில் 100. வித்தியாசம் 7. அந்த 7 டெசிபெல்லை வாட்டில் வாங்க வேண்டுமென்றால் ஐந்து மடங்கு வேண்டும். என் 5 வாட், பழைய ஸ்பீக்கரில் 25 வாட் தரும் சத்தத்தைத் தந்தது. லோவும் (அடித்தொனி) எங்கிருந்தோ வந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் 15 வாட் வாங்கியிருப்பேனா என்பதே சந்தேகம்.

ஈயப்புகை:
கிளீன் மட்டும் சொன்னதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கலாம். ஸ்பீக்கர் மாற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவான மாற்றம். ஆனால் ஓமைப் பார்க்காமல் செருகாதீர்கள். ஸ்பீக்கரே இல்லாமல் ஆன் செய்யவே செய்யாதீர்கள். சாலிட் ஸ்டேட் ஆம்ப் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். டியூப் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைப் பொத்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், செய்திருக்கிறேன். ஹெட்டை (ஸ்பீக்கர் தனியாக இருக்கும் ஆம்ப்) ஆன் செய்து, ஏன் சத்தம் வரவில்லை என்று வால்யூமை ஏற்றி ஏற்றி வாசித்தேன். ஸ்பீக்கர் ஒயர் காலடியில் கிடந்தது. அரை நிமிடத்தில் வார்னிஷ் கருகிய வாசம். ஆம்பிலேயே செலவு கூடிய பொருள் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனால் நான் இப்படித்தான் செய்வேன். ஆம்ப் ஜில்லென்று இருக்கும்போது போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எல்லாக் குமிழையும் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். ஹம் எவ்வளவு என்று கேளுங்கள். வால்யூம் பூஜ்யத்திலேயே கனமாக உறுமினால் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகியிருக்கலாம். அதை மாற்றலாம், ஆனால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு குமிழ்களைத் திருப்புங்கள். கரகரத்தால் பெரும்பாலும் தூசு, பயமில்லை. வால்யூமை நடுவில் வைத்து ஒரு மரப் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சின்ன டியூபையும் மெல்லத் தட்டுங்கள். லேசான டொக் சத்தம் எதிலும் வரும். கிணுங் என்று மணி அடித்து இழுத்தால் அந்த டியூப் மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வையே ஒலியாக்குகிறது. மாற்ற ஒரே நிமிடம்.

கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பவர் டியூபின் கண்ணாடியில் நீலம் படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. உள்ளே இழை ஆரஞ்சாக எரிவதும் இயல்பு. ஆனால் நடுவில் இருக்கும் சாம்பல் நிறத் தகடே செவசெவவென்று கனன்றால் உடனே அணைத்துவிடுங்கள். பயாஸ் (டியூபில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அளவு) தப்பியிருக்கிறது, அல்லது டியூபே முடிந்துவிட்டது. ஒருவர் அதை எனக்குக் காட்டி "பாருங்க, எவ்வளவு அழகா எரியுது" என்று பெருமைப்பட்டார். நான் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 120-ஆ 230-ஆ என்று படித்துவிட்டுச் செருகுங்கள்.

பிளக்கும் புகையும்:
பெட்டி மேல் பெரிதாக "டியூப்" என்று எழுதியிருந்தது, கிரில்லுக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சம் வேறு. வாங்கி வந்து பார்த்தால் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் பக்கம் முழுக்க டிரான்சிஸ்டர். அந்த வெளிச்சமும் டியூபிலிருந்து வரவில்லை, அதற்கு அடியில் ஒரு எல்இடி. இப்படி இரண்டும் கலந்த ஹைப்ரிட் தப்பு என்று சொல்லவில்லை. ஆரஞ்ச் மைக்ரோ டெரர் அந்த வகைதான். ஒரு டியூப் பிரீ ஆம்ப், 20 வாட் சாலிட் ஸ்டேட் பவர், கையில் தூக்கிப் போகும் எடை. நிறைய பேர் சந்தோஷமாக வாசிக்கிறார்கள். ஆனால் ஆறுகம்பி கேட்பது பவர் டியூப் தரும் அந்தத் தொடு உணர்வு. இஎல்84, 6வி6, இஎல்34, 6எல்6 இவற்றில் ஒன்று விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்ஸ்டார் எச்டி-5 மாதிரி 12பிஎச்7 என்ற சின்ன டியூப் வைத்தே 5 வாட் எடுப்பதும் உண்டு, அதுவும் டியூப் பவர்தான்.

ஹெட்ஃபோன் கட்சி:
டியூப் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப் வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? எடை இல்லை, டியூப் மாற்ற வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கும் வாசிக்கலாம்.

நாற்பது வாட்:
இருக்கலாம் சார். கேள்வி அது இல்லை.

தணிப்பான்:
பலர் சொல்லாத ஒன்று. சில சின்ன ஆம்ப்களில் வாட் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கும். பியூகெரா வி5-இல் 5, 1, 0.1 என்று மூன்று நிலை. அதை நம்பி, முழு ஏற்றத்தின் சுவை அப்படியே முணுமுணுப்பில் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்காது. ஸ்விட்சைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதி விஷயம் நம் காதில் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய லோவும் ஹையும் காதுக்கு மங்கிவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் கோனும் குறைந்த சத்தத்தில் உழைப்பதில்லை. எனவே 0.1-க்கு மாற்றினால் பாஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, நீங்கள் தினமும் வாசிக்கப்போகும் சத்தத்திலேயே வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். அலறவிட்டுக் காட்டினால் எல்லா ஆம்பும் நல்ல ஆம்ப்தான்.

கிளீன் மட்டும்:
பின்செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை பவர் டியூப் ஆம்பில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் இரண்டு மூன்று டியூப்தான். 12ஏஎக்ஸ்7 பல வருடம் ஓடும். பவர் டியூப்தான் அடிக்கிற அடிக்குத் தகுந்த மாதிரி தேயும். சின்ன ஆம்ப்கள் பலவும் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ், புது டியூபைச் செருகிவிட்டு வாசிக்கலாம். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் டெக்னீஷியனிடம் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது. நான்கு இஎல்84 கேட்கும் வாக்ஸ் ஏசி30 வகைக்கு ஆசைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள், அதன் எடையையும் சேர்த்து.

ஆறுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், முடித்துவிட்டேன்.

முதலில் பார்க்கப் போன 15 வாட் ஆம்ப் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஈயப்புகை அண்ணே சொன்னது நினைவுக்கு வந்தது. விளக்கை அணைக்கச் சொன்னேன், விற்றவர் முகம் மாறியது, பார்த்தால் ஒரு பக்கத் தகடு சிவப்பு. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்தது ஒற்றை இஎல்84 போட்ட 5 வாட் ஹெட். பென்சிலால் தட்டினேன், முதல் டியூப் கிணுங் என்றது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன், புது 12ஏஎக்ஸ்7 போட்டதும் சரியாகிவிட்டது. மிச்சப் பணத்தில் வேறொருவரிடமிருந்து 8 ஓம் பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் பெட்டி, பழசு, ஒரு மூலை நைந்தது. நண்பனின் ஆம்பில் கேட்ட அந்த உறுமல் வருகிறது, அதைவிடத் தடிமனாக.

ஒரே ஒரு குறை. நான் உட்காரும் இடத்தில் ம்ம்ம் என்று ஒரு ஹம். கெப்பாசிட்டராக இருக்குமோ? திறந்து பார்க்கட்டுமா?

ஈயப்புகை:
திறக்கவே திறக்காதீர்கள். முதலில் கிடார் ஒயரை ஆம்பிலிருந்து உருவிவிட்டுக் கேளுங்கள்.

ஆறுகம்பி:
உருவினேன். நின்றுவிட்டது!

ஈயப்புகை:
அப்படியானால் ஆம்ப் நன்றாக இருக்கிறது. ஹம்மை எளிதில் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நாலடி தள்ளி உட்கார்ந்து, கிடாரைப் பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பிப் பிடியுங்கள்.