அப்பா போய் பத்து மாதம்: கல்யாணமான மகளுக்குக் கருணை வேலை தரமாட்டார்களா? (பெங்களூரு)

ஸ்ரீராம்புரம் மகள்:
எங்க அப்பா கர்நாடக அரசுத் துறை ஒன்றில் குரூப் டி ஊழியர். ரிடையர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரருக்கு பெயின்ட் வேலை. கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பா வீட்டில்தான் குடித்தனம், ரேஷன் கார்டும் ஒன்றுதான். அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.

நான் பி.யு.சி. (பிளஸ் டூ) பாஸ், கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும். ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். கேஸ் வொர்க்கர் (ஃபைல் பார்க்கும் கிளார்க்) மனுவைக் கையில்கூட வாங்கவில்லை. "மதுவெ ஆகிதெயல்லம்மா" (கல்யாணம் ஆகிவிட்டதே அம்மா) என்று மூன்று தடவையும் அதே பேச்சு. அரிச்சந்திரா காட் சுடுகாட்டில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது நான். அன்றைக்கு யாரும் இதைக் கேட்கவில்லை. இப்போது நான் என்ன செய்ய?

அல்சூர் பெரியவர் (ரிடையர்டு சூப்பரின்டென்டென்ட்):
அம்மா, அவர் சொல்வது பழைய ரூல். கருணை வேலைக்கான கர்நாடகத்தின் 1996 விதிகளில் "கல்யாணமாகாத மகள்" என்றுதான் இருந்தது. வேளாண் சந்தைக் குழுச் செயலர் ஒருவர் 2016-இல் பணியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய கல்யாணமான மகள் போட்ட வழக்கில், 2020 டிசம்பரில் கர்நாடக ஹைகோர்ட் "கல்யாணமாகாத" என்ற சொல்லையே அடித்துவிட்டது. மகனுக்குக் கல்யாணம் தடையில்லை என்றால் மகளுக்கு மட்டும் ஏன் என்பதுதான் வாதம். 2021-இல் அரசே விதியைத் திருத்தியது. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட் தீர்ப்பில் கை வைக்கவில்லை. உன் அப்பா அதற்கப்புறம் இறந்தவர், அதனால் புது விதிதான்.

என் கவலை வேறு. இறந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போய்ச் சேரவேண்டும். உனக்கு இரண்டே மாதம். இனி கேஸ் வொர்க்கரிடம் நிற்காதே. நேரே அந்த ஆபீசின் தபால் செக்‌ஷனில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கு. வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட். முதல் உரிமை அம்மாவுக்கு. என்னால் வேலைக்குப் போகமுடியாது, மகளுக்குக் கொடுங்கள் என்று அவர் எழுதித் தரவேண்டும். டயாலிசிஸ் சீட்டையும் சேர். நிராகரித்தால் வாய்வார்த்தையை ஏற்காதே, "ஹிம்பரஹ" (ஆபீஸ் தரும் பதில் குறிப்பு) எழுத்தில் கேள். அது கையில் இருந்தால்தான் கே.எஸ்.ஏ.டி.க்குப் (கர்நாடக மாநில நிர்வாகத் தீர்ப்பாயம்) போகலாம்.

ஜாலஹள்ளி அக்கா:
ஐயா சொன்னதோடு ஒன்று, தங்கச்சி. கல்யாணமானவள் என்பதைவிட, அப்பாவைச் சார்ந்து அவரோடு இருந்தாயா என்பதைத்தான் தோண்டுவார்கள். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, வீட்டுக்காரரின் வருமானச் சான்று எல்லாம் எடுத்து வை. நான் மத்திய அரசு ஆபீஸ். எங்களுக்கு விதி வேறு: கல்யாணமான மகளுக்கும் இடமுண்டு என்று 2013-லேயே தெளிவுபடுத்தினார்கள், ஆனால் குரூப் சி நேரடி நியமனத்தில் 5% தான். அந்தக் கணக்கை யாராவது உன்னிடம் சொன்னால் குழம்பாதே.

ஸ்ரீராம்புரம் மகள்:
ஐயா, அக்கா, கும்பிடுகிறேன். ஒரு வருஷக் கெடு எனக்குத் தெரியவே தெரியாது. இன்று ராத்திரியே கன்னடத்தில் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை அம்மாவுக்கு டயாலிசிஸ் இல்லை, அவரையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தபால் செக்‌ஷனுக்குப் போகிறேன்.