ஓட்டுக் கேட்டு வந்தவங்க சொல்லிட்டுப் போனது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

குட்டைக்கரை

இந்த 2024 எம்பி எலக்சனுக்கு ஏப்ரல் 19 ஓட்டுங்க. நேத்து எங்கூருக்குள்ள மைக்செட் வண்டி சுத்துனதுல இருந்து 2019தான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. பவானி ஆத்துத் தண்ணியை வறண்ட குளம் குட்டைக்குக் கொண்டு வர்ற அத்திக்கடவு-அவிநாசித் திட்டக் கதையை இங்க யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்ல, எங்க அப்புச்சி காலத்து வாக்குறுதி அது. அந்த வருசம் பிப்ரவரியிலதான் அடிக்கல் நாட்டி 1,045 குளம் குட்டைக்குத் தண்ணின்னு கணக்குச் சொல்லியிருந்தாங்க, அதனால மார்ச்சுல ஓட்டுக்கு வந்தவரு நல்ல தெம்பாத்தான் வந்தாரு. ஜீப்பு எங்க குட்டைக்கரையில நின்னுச்சு. குட்டையைப் பாக்க இல்லீங்க, அங்கதான் வேப்பமர நிழலு.

பொம்பளைங்க வரிசையா ஆரத்தித் தட்டோட நின்னாங்க, எங்க அம்மாயியும். அது சுத்தி முடிச்சு தட்டைக் கீழ எறக்காம, "ஏஞ்சாமி, போன வாட்டி வந்தவரும் இங்கயே நின்னு தண்ணி வந்துரும்னாரு, நீ எப்ப உடுவே?"ன்னு கேட்டுச்சு. சத்தமாத்தான் கேட்டுச்சு. அவரு குனிஞ்சு கேட்டாரு, தலையை ஆட்டுனாரு, மைக்கை வாங்கி "இந்தத் தாய் என்னை ஜெயிச்சு வான்னு வாழ்த்திட்டாங்க!"ன்னாரு. உடனே பட்டாசு.

அந்த வீடியோ இன்னும் என் மச்சான் போன்ல இருக்குது. அம்மாயி வாய் அசையறது நல்லாத் தெரியும், சத்தம் மட்டும் கேக்காது. இப்பக் குழாய் போட்டாச்சு, ட்ரையல் பாத்தாச்சுங்கறாங்க, 2024 வந்தும் திறப்பு விழா இன்னும் நடக்கல. இந்தத் தடவை வர்றவரு என்ன சொல்வாரோ.

தறிச்சத்தம்

பல்லடம் பக்கம் நாங்க. சட்டுனு சொல்லிடறேன். 2022 ஆரம்பத்துல விசைத்தறிக்காரங்க தறி நிறுத்திப் போராடுனது தெரியும்ல, அதுக்கு முந்தின நவம்பர்ல மந்திரிங்க முன்னால பேசி சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம் மத்த ரகத்துக்கு 20னு கூலி உயர்வு ஒத்துக்கிட்டு அது கைக்கு வராமத்தான் நிறுத்துனோம். இப்பப் போன வாரம் ஒருத்தரு ஓட்டுக் கேட்டு எங்க தறிக்குடோனுக்கே வந்துட்டாரு. "தறியை நிறுத்துங்க, அண்ணன் பேசறாரு"ன்னாங்க, நிறுத்துனோம். அவரு சுத்திமுத்தியும் பாத்துட்டு "இந்த மில்லுல எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"ன்னாரு. நானும் எம்பொண்டாட்டியுந்தாங்கன்னேன். கூலி விசயத்தை சொல்லச் சொல்ல "எழுதிக் குடுங்க, டெல்லியில பேசறேன்"ன்னாரு. எம்பொண்ணு நோட்டுல பேப்பர் கிழிச்சு அழகா எழுதிக் குடுத்துச்சு. டீ குடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. பொறவு நான் கிளாஸ் எடுக்கப் போனா அந்த மனு டீ கிளாசுக்கு அடியில இருக்குது, வட்டமா கறையோட. பொண்ணு பாக்கறதுக்குள்ள மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். நல்லாப் போச்சுப்பான்னு கேட்டுச்சு, ஆமாங் கண்ணுன்னுட்டேன்.

மொடக்குறிச்சி மாமா

தம்பி தப்பா நினைக்காதீங்க, மேல ரெண்டு பேரு சொல்றதுலயும் ஒரு கோளாறு இருக்குது. அத்திக்கடவு மாநிலத்துத் திட்டம், கூலி ஒப்பந்தமும் மாநில மந்திரி பஞ்சாயத்து, இதை எம்பி எலக்சனுக்கு வர்றவங்கிட்ட கேட்டா அவன் தலையைத்தான் ஆட்டுவான். குட்டைக்கரை தம்பி அவிநாசின்னா நீங்க ஓட்டுப் போடறதே நீலகிரி தொகுதிக்கு. ஊட்டியில இருக்கறவங்களும் நீங்களும் ஒரே எம்பிக்கு, அவரு தேயிலையைப் பாப்பாரா உங்க குட்டையைப் பாப்பாரா.

என் கதை சின்னதுதான். 1996, எங்க மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில விவசாயிங்க கோவத்துல ஆளாளுக்கு மனுத்தாக்கல் பண்ணி 1,033 பேரு நின்னாங்க. ஓட்டுச்சீட்டைப் புத்தகமாட்டம் கையில குடுத்தாங்க. எனக்கு முன்னால ஒரு பெரியவரு அதைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு "என்ற பேரு எந்தப் பக்கமுங்க?"ன்னு பூத் ஆபீசரையே கேட்டாரு. அவரும் வேட்பாளருங்க! கூடி இருந்த எல்லாரும் சிரிச்சோம், ஆனா பாவம் அந்த மனுசன் சிரிக்கவே இல்ல.

அதுக்கு என்ன பலன்னா, அந்த வருசமே டெபாசிட்டை ஏத்திட்டாங்க. சட்டமன்றத்துக்கு 250 ரூபா இருந்தது 5,000 ஆச்சு, பாராளுமன்றத்துக்கு 500 இருந்தது 10,000. இப்ப 10,000மும் 25,000மும். சுயேச்சைன்னா முன்மொழிய பத்துப் பேரு வேணும். கோவத்தைக் காட்டுறதுக்கே காசு வேணுங்கற நிலைமை. அதனால பசங்களா சொல்றதைக் கேளுங்க, நோட்டா நோட்டான்னு குதிக்காதீங்க. 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல வந்தது, சரி, ஆனா நோட்டா முதல் எடத்துக்கு வந்தாலும் அதுக்கு அடுத்து இருக்கறவன்தான் ஜெயிச்சவன். வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தை எலக்சன் கமிசன் சைட்ல போடறாங்க, சொத்து, கேசு எல்லாம் இருக்கும், இறக்கி ஊர்ல ஒட்டுங்க. மனுக் குடுத்தா நகல்ல கையெழுத்து வாங்குங்க, தேதி போடச் சொல்லுங்க. பூத் சிலிப் வரலைன்னாலும் பட்டியல்ல பேரும் கையில வாக்காளர் அட்டை மாதிரி அடையாள அட்டையும் இருந்தாப் போதும். வெயிலுக்கு முன்னால காலையில ஏழு மணிக்கே போயிருங்க, மோரு கொண்டு போங்க.

தறிச்சத்தம்

மாமா, கூலி மாநிலம்னே வெச்சுக்குங்க, நூல் விலை? ஜிஎஸ்டி? பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி 2021 பட்ஜெட்ல போட்டது டெல்லிதானுங்களே. மனுவுல அதையுந்தான் எழுதியிருந்தோம். கையெழுத்து வாங்கணுமாம், கிளாசை நவுத்தாத்தான கையெழுத்து.

சந்தைக்காரன்

எனக்கு வாக்குறுதி எல்லாம் வேண்டாமுங்க, மாடு வாங்க உட்டாப் போதும். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு விடியறதுக்கு முந்தியே டெம்போவுல போனேன், எலக்சன் சோதனையில நிறுத்திட்டாங்க. 50,000க்கு மேல ரொக்கம் இருந்தா கணக்கு காட்டணும்னு தெரியும், ஆனா மாட்டுக்காரங்கிட்ட பில்லு ஏது? எம்பணத்தை வண்டி பானெட்டு மேல பரப்பி டார்ச் அடிச்சு எண்ணுனாங்க. எண்ணிட்டு இருக்கும்போதே கட்சிக்கொடி கட்டுன காருங்க வரிசையா வந்துச்சு. "ஒதுங்குங்க, வழி உடுங்க"ன்னு எங்களை ஓரங்கட்டிட்டு அதுங்களை அனுப்புனாங்க. ஒரு டிக்கியைக்கூடத் தொறக்கல. ஒரு நோட்டு காத்துல பறந்து ரோட்டுக்குப் போயி அந்தக் கார்ல ஒன்னோட சக்கரத்துக்கு அடியில போச்சு. நானே ஓடிப்போய் எடுத்தேன்.

தென்னந்தோப்பு

பொள்ளாச்சி. வந்தவரு எளநி குடிச்சுட்டு "காய் என்ன விலை போகுது?"ன்னாரு. நீங்களே சொல்லுங்கன்னேன். கடை விலையைச் சொன்னாரு. வேர் வாடல் நோவுல மரம் சாஞ்சுகிட்டிருக்கற தோப்புல நின்னுகிட்டு. ரேசன்ல பாமாயிலுக்குப் பதிலா தேங்கா எண்ணெய்ங்கறதும் ஒவ்வொரு வாட்டியும் வரும்.

சும்மா_பாக்க_வந்தேன்

குட்டைக்கரை, ஒரு டவுட்டு. ஆரத்தித் தட்டுல காசு போட்டாங்களா இல்லியா? வாங்கிட்டுத்தான கேள்வி கேட்டீங்க? அந்தக் காசை மறந்துட்டு அழுவுறது நல்லா இருக்குது.

குட்டைக்கரை

போட்டாங்க. எல்லாத் தட்டுலயும் போட்டாங்க. காசு வாங்குனா தண்ணி கேக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? நீங்க எந்த ஊரு, உங்கூருக்கு யாரும் வர்றதே இல்லியா?

மொடக்குறிச்சி மாமா

சண்டை வேண்டாம் சாமிகளா. சந்தைக்காரரே, ரொக்கத்தைப் பிடிச்சா முறையீட்டுக்கு மாவட்டத்துலயே ஒரு குழு இருக்குது, பறிமுதல் ரசீதை எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போங்க. ரசீது குடுத்தாங்களா?

சந்தைக்காரன்

குடுத்தாங்க மாமா. அதுல மாட்டு வியாபாரிங்கறதுக்குப் பதிலா மோட்டார் வியாபாரின்னு எழுதிட்டாங்க, இப்ப மோட்டார் கடை பில்லு கேக்கறாங்க.