ரேடியாலஜிக் டெக்னாலஜி முடிச்சவங்க கொஞ்சம் வழி காட்டுங்க

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல கம்யூனிட்டி காலேஜ்ல ரேடியாலஜிக் டெக்னாலஜி (எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு) அசோசியேட் டிகிரி படிக்கிறேன். ஊர்ல பி.காம் முடிச்சவ, இயற்பியலைப் பத்தாவதோட விட்டாச்சு.

பொசிஷனிங், அதாவது எக்ஸ்ரேக்கு உடம்பைச் சரியான கோணத்துல வைக்கிறது, நல்லாவே வருது. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்ச்சு, ஸ்கேஃபாய்டு எலும்பு மத்த எலும்போட மறையாம தெரியுற மாதிரி வைக்கிறதெல்லாம் கைவந்திருச்சு. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எவ்வளவு எக்ஸ்ரே கொடுக்கணும்ங்கிற எக்ஸ்போஷர் கணக்குதான் படுத்துது. கேவிபியை (ட்யூபுக்குக் கொடுக்கிற உச்ச வோல்டேஜ்) 15 சதவீதம் ஏத்தினா எம்ஏஎஸ்ஸை (ட்யூப் கரண்டையும் நேரத்தையும் பெருக்கினது) பாதியாக்கணும், சரி. எக்ஸ்ரே ட்யூபை 40 அங்குல தூரத்துலேருந்து 72 அங்குலத்துக்குத் தள்ளினா எம்ஏஎஸ் 3.24 மடங்கு வேணும், அதுவும் சரி. ரெண்டையும் ஒரே கேள்வியில சேர்த்துக் கேட்டா குழம்பிடுது. மனப்பாடமா இல்லாம, ஏன் அப்படின்னு புரியவைக்கிற வீடியோ, நோட்ஸ் இருந்தா சொல்லுங்க. தமிழ்ல இருந்தா இன்னும் சந்தோஷம்.

இன்னொண்ணு, ஏஆர்ஆர்டி தேர்வை (இந்த வேலைக்கான அமெரிக்கச் சான்றிதழ் தேர்வு) மூணு வருஷத்துக்குள்ள மூணு தடவைதான் எழுத முடியும். முதல் தடவையே பாஸ் பண்ண அக்கா, அண்ணாங்க எப்போ தயாராக ஆரம்பிச்சீங்க? க்ளினிக்கல் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) நடக்கும்போதேவா, முடிச்ச பிறகா?

சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு காலையில ஏழு மணி க்ளினிக்கலுக்குப் போனவங்க, வீட்டை எப்படிச் சமாளிச்சீங்கன்னும் அவசியம் எழுதுங்க.