மறு: டி.என்.ஏ ரிப்பேர் ஜீன் – "பழுதுபார்ப்பு" வேண்டாம், "செப்ப மரபணு" என்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த மடல் இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன். எழுத நேரம் இன்றுதான் கிடைத்தது. மடல் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் எனக்கு நாளும் தேவைப்படுகிற சொல்.

> "பழுதுபார்ப்பு மரபணு" எல்லோருக்கும் புரிகிறது. சைக்கிள் கடைக்காரருக்கும் தெரிந்த சொல். இதை ஏன் மாற்ற வேண்டும்?

கோவை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. போன வருடம் வரை நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். மாற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒரு காகிதம்.

ஒரு மருத்துவமனையில் மரபியல் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலத் தாள்களைத் தமிழில் விளக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்கிறேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். அவருடைய அப்பா 44 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். அக்காவுக்குக் கருப்பையில் வந்தது. இவருக்கும் குடலில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்திருந்தது. பரிசோதனையில் எம்எஸ்எச்2 மரபணுவில் பிழை என்று தெரிந்தது. "இது பழுதுபார்க்கும் மரபணு, உங்களுக்கு அதில் கோளாறு இருக்கிறது" என்று பத்து நிமிடம் விளக்கினேன். கிளம்பும்போது அவர் தாளை மடித்தார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டது: "பழுது ஜீன். அப்பா வழி."

நான் சொன்னதற்கு நேர் எதிர். "பார்க்கும்" விழுந்துவிட்டது, பழுது மட்டும் நின்றது. அப்புறம் அவர் மகளைக் காட்டி, "இவளுக்கும் அந்த ஜீன் இருக்குமா?" என்று கேட்டார். அந்த மரபணு மகளுக்கு நிச்சயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. இல்லாமல் யாரும் பிறப்பதில்லை என்றே சொல்லலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது அதன் பிழையுள்ள படி மகளுக்குப் போயிருக்குமா என்பதற்குத்தான். அந்த அம்மா புரிந்துகொள்ளாமல் இல்லை. நான் கொடுத்த சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

நீளமான சொல்லை மக்கள் சுருக்குவார்கள், அதைத் தடுக்க முடியாது. சுருக்கிய பிறகும் பொருள் சரியாக நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பு மரபணு சுருங்கினால் பழுது மரபணு. பழுதுநீக்கு மரபணுவும் அப்படியே. அது மட்டுமா, அதில் கோளாறு வந்தால் "பழுதுநீக்கு மரபணுவில் பழுது" என்று எழுத வேண்டும். ஒரே வரியில் பழுது இரண்டு தடவை வந்தால், நோயாளி எந்தப் பழுதைப் பிடித்துக்கொள்வார்?

"சீரமைப்பு மரபணு" என்று இருவர் எழுதியிருந்தீர்கள். நல்ல ஓசை. ஆனால் குரோமோசோமின் ஒரு துண்டு கழன்று வேறிடத்தில் ஒட்டிக்கொள்வதை ஏற்கெனவே மறுசீரமைப்பு என்று எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் கெடுதல். காக்கிற வேலைக்கும் குலைக்கிற நிகழ்வுக்கும் ஒரே வேர்ச்சொல் வேண்டாம்.

> காப்பு மரபணு, காவல் மரபணு?

இதில் சிக்கல் வேறு. புற்றுநோய் மரபியலில் காவல் என்ற உவமை முன்பே இடம் பிடித்துவிட்டது. பி53 புரதத்தை 1992-இல் டேவிட் லேன் மரபுத்தொகுதியின் காவலர் என்று வர்ணித்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1997-இல் கின்ஸ்லரும் வோகல்ஸ்டைனும் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். செல் பெருகலாமா கூடாதா என்று வாசலில் நின்று தடுப்பவை ஒன்று. டி.என்.ஏ.வைப் பிழையில்லாமல் பேணி வருபவை இன்னொன்று. நாம் பேசுவது இரண்டாவது வகையை. காவல் என்று வைத்தால் முதல் வகையோடு குழம்பும். அவற்றுக்கு வாயில்காப்பு மரபணு, பேணு மரபணு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். செப்ப மரபணுக்கள் பேணு மரபணு என்ற வகைக்குள் வரும்.

ஆக, என் முன்மொழிவு: ரிப்பேர் வேலைக்குச் செப்பம். அதைச் செய்கிற மரபணு, செப்ப மரபணு. வினையாக, செப்பனிடு.

> செப்பம் என்றால் நடுவுநிலைமை அல்லவா? குறளில் அப்படித்தானே வருகிறது?

ஆமாம், நடுவுநிலைமை அதிகாரத்தின் இரண்டாவது குறள். செப்பம் உடையவனின் ஆக்கம் சிதையாமல் அவன் வழிவந்தவர்களுக்கும் பாதுகாப்பாக இருக்கும் என்பது பொருள். அங்கே அது அறத்தைப் பற்றியது. அதை டி.என்.ஏ.வுக்கு இழுத்து, அன்றே சொன்னார் வள்ளுவர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: செப்பத்தின் அடிப்பொருள் நேர், செம்மை, கோணாமை. அறம் அறன் ஆவதுபோல செப்பம் செப்பன் ஆகி, செப்பனிடு என்ற வினை வந்தது. ஏரிக்கரையைச் செப்பனிட்டார்கள், சாலையைச் செப்பனிடும் பணி என்று இன்றைக்கும் நாளிதழில் வருகிறது. ஊரில் மழைக்கு முன்னால் கரையைச் செப்பனிடுவது யாரோ ஒருநாள் செய்கிற ரிப்பேர் கிடையாது. ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலை. விட்டால் ஒரு மழையில் உடைந்துவிடும்.

செல்லுக்குள் நடப்பதும் இந்த மாதிரி ஓயாத வேலைதான். டி.என்.ஏ அசையாமல் கிடக்கிற கல்வெட்டு என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அது தானாகவே சிதைகிறது என்று தாமஸ் லிண்டால் காட்டினார். உடல் வெப்பமும் தண்ணீருமே போதும், ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 காரங்கள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகள், இழையிலிருந்து உதிர்கின்றன. செப்பனிடும் நொதிகள் விடாமல் வேலை செய்வதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சாஞ்சார் மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

சுருக்கிப் பார்ப்போம். செப்ப மரபணு "செப்ப ஜீன்" ஆகும். பொருள் கெடவில்லை. "செப்ப மரபணுவில் பிழை" என்றால் நல்ல வேலை செய்கிற ஒன்றில் பிழை என்று கேட்டவுடன் விளங்கும்.

அடுத்தது உள்வகைகள். இங்கேதான் எனக்கு உங்கள் உதவி அதிகம் வேண்டும்.

முதலில், அந்த ஆரணி அம்மாவின் வகை. செல் பிரியும்போது 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் நொதி ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்று தவறவிடும். உடனே தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், பிழை கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும். இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: மெய்ப்புப் பார்த்தல். அச்சகத்தில் புழங்குகிற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றமே வேண்டாம். அதற்கும் தப்பியவற்றை இரண்டாவது மெய்ப்புபோல இன்னொரு கூட்டம் வந்து பார்க்கிறது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்கள் தரும் புரதங்கள்தான் அந்தக் கூட்டம். பிழை 100 கோடிக்கு ஒன்றாகிவிடும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளிலும் எதிரெதிரே ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று சேர வேண்டிய இடத்தில் ஜி-யும் டி-யும் சேர்ந்திருந்தால், அந்த இடத்தில் இழை லேசாகப் புடைக்கும். எம்எஸ்எச்2 அதைத் தடவிக் கண்டுபிடிக்கிறது.

கண்டுபிடித்தால் போதாது, இரண்டில் எது தவறு என்றும் தெரிய வேண்டும். கையெழுத்துப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் யாராலும் மெய்ப்புத் திருத்த முடியாது. ஈ. கோலை பாக்டீரியாவில் இது எப்படி நடக்கிறது என்பதை மாட்ரிச் விளக்கினார். பழைய இழையில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் குறி இருக்கும், புது இழைக்கு அது இன்னும் விழுந்திருக்காது. குறியில்லாத இழைதான் படி, அதைத்தான் திருத்த வேண்டும். மனித செல்லில் இந்தக் குறிமுறை இல்லை. புது இழையில் உள்ள வெட்டுவாய்களை வைத்து அடையாளம் காண்கிறது.

இந்த வகைக்கு "இணைப்பிழைச் செப்பம்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சத்தமாகப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இணை + பிழை என்றாலும் இணைப்பிழை, இணைப்பு + இழை என்றாலும் இணைப்பிழைதான். டி.என்.ஏ.வைப் பேசும்போது பக்கத்துக்குப் பத்து இழை வருகிறது. மாணவர் இணைக்கும் இழை என்று படிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. புணர்ச்சி நமக்கு எத்தனையோ இடத்தில் கைகொடுக்கிறது, இங்கே காலை வாரிவிடுகிறது. அதனால் ஜோடிப்பிழைச் செப்பம் என்கிறேன். கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் சோடிப்பிழை என்று எழுதலாம், இலங்கைப் பாடநூல் வழக்குக்கும் அது ஒத்துவரும்.

யாழ்ப்பாணத்து அக்கா பரம்பரையலகு, விகாரம், கலம், நொதியம் என்றே எழுதி வந்தீர்கள். அங்கே பாடநூலில் வேரூன்றிய சொற்களை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. "செப்பப் பரம்பரையலகு" சரியாகவே நிற்கிறது. செப்பம் இரு பக்கமும் பொதுவாக இருந்தாலே எனக்குப் பெரிய நிறைவு. விகாரம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: இங்கே நோயாளியிடம் "உங்களுக்கு விகாரம்" என்றால் முகம் சுருங்கிவிடும். தமிழ்நாட்டுத் தாளில் பிழை என்றே போடுகிறேன்.

இரண்டாவது, சாஞ்சார் விளக்கிய வகை. புற ஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்த இரண்டு டி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். மனித செல் அந்த இடத்தைச் சுற்றி 30 எழுத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பும். கிழிசலைச் சுற்றி வெட்டி ஒட்டுப்போடுவது போலத்தான். வெட்டுச் செப்பம் போதும் என்று நினைக்கிறேன். இது பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்கு வருவது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய். வெயில் பட்டால் தோல் புண்ணாகி, புள்ளி புள்ளியாகக் கறுத்து, சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். அவர்களுடைய தோல் செல்களில் செப்பம் நடக்கவில்லை என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். செப்பம் கெட்டால் புற்றுநோய் வரும் என்பது மனிதரில் தெளிவானது அதிலிருந்துதான்.

மூன்றாவது, இரண்டு இழையும் ஒன்றாக முறிவது. "ஈரிழை முறிவு" எல்லோருக்கும் சம்மதம்போலத் தெரிகிறது. முறிந்த இடத்தை, அப்போதுதான் படியெடுத்த உடன்பிறந்த இழையைப் பார்த்துச் சரிசெய்கிற முறைக்கு இன்னும் சொல் அமையவில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 செய்வது இந்த வேலை. "ஒத்த மறுசேர்க்கைச் செப்பம்" வாயில் நுழையவில்லை. "உடன்படிச் செப்பம்" என்று நினைத்துப் பார்த்தேன், உடன்படிக்கை ஞாபகம் வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வந்த வரைவுத் தாள் ஒன்றில் "நுண்செயற்கைக்கோள் நிலையின்மை" என்று இருந்தது. மைக்ரோசாட்டிலைட் என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திரம் மொழிபெயர்த்த வேலை. அங்கே சாட்டிலைட் என்பது, சோதனைக் குழாயில் சுழற்றும்போது முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் தனியாக நின்ற டி.என்.ஏ பட்டைக்கு வைத்த பெயர். வானத்தோடு சம்பந்தமில்லை. ஒரே எழுத்தோ சில எழுத்துகளோ திரும்பத் திரும்ப வருகிற இடம் என்பதால் குறுந்தொடர் என்று மாற்றிவிட்டேன். ஜோடிப்பிழைச் செப்பம் கெட்டால் இந்தத் தொடர்களின் நீளம் மாறிப்போகும், கட்டியைச் சோதிக்கும்போது அதைத்தான் பார்க்கிறார்கள்.

> இவ்வளவு அரிய நோய்க்கு இத்தனை சொல் தேவையா?

ஆரணி அம்மாவின் குடும்பத்தில் இருப்பதுபோல ஜோடிப்பிழைச் செப்ப மரபணுவில் பிழை வழிவழியாக வருவதற்கு லிஞ்ச் நோய்க்கூட்டு என்று பெயர். அது அரிது கிடையாது, ஐயா. ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பலருக்கு அது தெரியாது. 1895-இல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையற்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதி 1913-இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் 1960-களில் இதே மாதிரிக் குடும்பங்களைத் தேடிச் சேர்த்தார். எம்எஸ்எச்2 கண்டுபிடிக்கப்பட்டது 1993-இல். தையற்காரப் பெண்ணின் குடும்பத்திலும் பிழை அதே மரபணுவில்தான் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு யாரும் எதையும் செய்திருக்க முடியாது. ஆரணி அம்மாவின் மகளுக்குச் செய்யலாம். பிழை இருக்கிறது என்று தெரிந்தால் 20, 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடலைக் குழாய் விட்டுப் பார்த்து, கட்டியாகும் முன்பே சதைமொட்டுகளை எடுத்துவிடலாம். அந்தப் பெண் பரிசோதனைக்கு வர வேண்டும், அதற்கு இது என்னவென்று அவளுக்குப் புரிய வேண்டும்.

புதுத் தாளின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"எல்லோருடைய உடலிலும் செப்ப மரபணுக்கள் உண்டு. செல்கள் பெருகும்போது நேரும் எழுத்துப் பிழைகளை அவை திருத்துகின்றன. ஒவ்வொரு செப்ப மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு படிகளாக இருக்கும். உங்களுக்கு அதில் ஒரு படியில் பிழை இருக்கிறது. மற்றொரு படி வேலை செய்கிறது. ஏதாவது ஒரு செல்லில் அதுவும் கெட்டுப்போனால் அந்தச் செல்லில் திருத்தம் நின்றுவிடும், புற்றுநோய் வரக்கூடும். உங்கள் பிள்ளைக்குப் பிழையுள்ள படி போயிருக்கலாம், நல்ல படியும் போயிருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்."

யாழ்ப்பாணத்து அக்கா, இதை உங்கள் அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று எழுதுங்கள். கோவை ஐயா, "செப்ப" என்று பெயரடையாக நிற்பது இலக்கணப்படி சரிதானா, "செப்பன் மரபணு" என்று எழுத வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.