ஆச்சி சமையல் புத்தகத்துக்கு எந்த எழுத்து?

செல்வி அத்தை: பிரியா, நீ அனுப்பிய மாதிரிப் பக்கம் பார்த்தேன். உளுந்தஞ்சோறு தலைப்பு யாரோ பேனாவால் எழுதிய மாதிரியே இருக்கிறது, ரொம்பப் பிடித்துவிட்டது. புத்தகம் முழுக்க இதிலேயே போட்டுவிடேன்.

பிரியா: அத்தை, இந்த எழுத்துருவின் பெயர் கவிவனார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் முழுக்க வேண்டாம். தலைப்புக்கும், "உளுந்தைத் தோலோடு போடு" என்று ஆச்சி சொல்கிற குறிப்புகளுக்கும் போதும். சாய்ந்த எழுத்தில் நாலு வரி படிக்க சுகமாக இருக்கும், பக்கம் பக்கமாக வந்தால் கண் அசந்துவிடும்.

முருகன் சித்தப்பா: சாமான் அளவெல்லாம் எந்த எழுத்தில்?

பிரியா: அது நேரான எழுத்தில்தான் சித்தப்பா, முக்தா மலர் என்ற எழுத்துரு வைத்திருக்கிறேன். கையில் கரண்டியோடு அடுப்புப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு அரைக்கரண்டியா கால்கரண்டியா என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

கவிதா மதினி: இங்கிலீஷ் பத்திரிகையில் எழுத்தெல்லாம் கோத்துக்கொண்டு வருமே, டான்சிங் ஸ்கிரிப்ட், அதுபோலத் தமிழில் இல்லையா?

பிரியா: தமிழில் நாம் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதில்லையே மதினி. ரோஜர் எக்ஸ்கோஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1953-இல் தன் கையெழுத்தை வைத்து மிஸ்ட்ரல் என்ற எழுத்துரு செய்தபோது, ஈய அச்சிலேயே ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தில் போய்ச் சேரும்படி அமைத்தார், பெரிய வேலை அது. நமக்குக் கை ஓடுகிற வேகம் சாய்விலும் சுழியிலும் கொம்பின் வளைவிலும்தான் தெரியும், அதை வலுக்கட்டாயமாகக் கோத்தால் படிக்கவே முடியாது.

சரவணன் அண்ணன்: அச்சகத்தில் தலைப்பை போல்டு ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். இன்னொன்று, அங்கே திறந்தால் 'சொதி'யில் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

பிரியா: போல்டு வேண்டவே வேண்டாம் அண்ணே! கவிவனாரில் ஒரே தடிமன்தான். போல்டு அழுத்தினால் மென்பொருள் தானாகக் கோட்டைப் பருக்க வைக்கும், 'ண', 'ஞ' சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். எடுப்பாக வேண்டுமென்றால் எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்லுங்கள். கொம்புக்கு, பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் நானே அனுப்புகிறேன், அதில் கை வைக்காமல் அப்படியே அடிக்கட்டும்.

செல்வி அத்தை: ஆச்சி கையெழுத்தே நோட்டில் இருக்கும்போது இன்னொருவர் எழுத்து எதற்கு என்று மாமா கேட்கிறார்.

பிரியா: நியாயமான கேள்வி அத்தை. அந்த நோட்டு எனக்கும் உயிர். ஆனால் பென்சில் மங்கிய இடமும் எண்ணெய்க் கறையுமாக இருக்கிறது, எல்லாப் பக்கமும் அச்சில் தெளியாது. ஒரு பக்கத்தை அப்படியே முதல் தாளில் முழு அளவுக்குப் போடுவோம். அதன் பக்கத்தில் நிற்க கவிவனார் பொருத்தமாக இருக்கும், அது ஆச்சி எழுத்து மாதிரி நடிக்காது.

முருகன் சித்தப்பா: நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. போனில் படம் எடுத்து அனுப்பவா?

பிரியா: வேண்டாம் சித்தப்பா, மடிப்பில் நிழல் விழும். கடையில் 600 டிபிஐ ஸ்கேன் கேளுங்கள், கலரில். சொதிப் பக்கத்தை எடுங்கள், அதில்தான் எழுத்து நன்றாக இருக்கிறது.