நோன்பு அட்டை: அரபுப் பகுதியில் டேப் நேராக நிற்கவில்லை, தேதியும் புரள்கிறது

கீழக்கரை_தட்டச்சு:
அஸ்ஸலாமு அலைக்கும். ஏ5 தாளில் நோன்பு அட்டை, லிப்ரே ஆபிஸ் ரைட்டர். இரண்டு ஓரமும் 1.4 செ.மீ. போக எழுத்துக்கு 12 செ.மீ. மேலே தமிழ், கீழே அரபு. வரிக்கு கிழமை, தேதி, சஹர் (நோன்பு வைக்கும் நேரம்), இஃப்தார் (நோன்பு திறக்கும் நேரம்). டேப் 3.5, 6.5, 9.5 செ.மீ.யில். அரபு வரிகளை வலமிருந்து இடமாக மாற்றியதும் மேல் பகுதியோடு ஒரு கோட்டில் இறங்கவில்லை. 05-03-2026 என்று அடித்தால் 2026-03-05 என்று தெரிகிறது. ஆனால் 5:02 சரியாகவே இருக்கிறது. காக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பாம்பன்_டிடிபி:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. டேப் எழுத்தைப் பார்ப்பதில்லை, பாராவின் திசையைத்தான் பார்க்கும். பாரா வலமிருந்து இடம் என்றால் அளவையும் வலது ஓரத்திலிருந்து எண்ணும். உங்கள் 3.5 இடப்பக்கக் கணக்கில் 8.5 ஆகிவிடுகிறது. வகையும் திரும்பும்: தமிழ் வரியில் டேப்பிலிருந்து வலப்பக்கம் ஓடிய எழுத்து, அரபு வரியில் இடப்பக்கம் ஓடும்.

தலைகீழாக்கினாலும் மாறாத அளவை வையுங்கள். 1.5, 4.5, 7.5, 10.5, நான்கும் நடு டேப். 12-லிருந்து கழித்துப் பாருங்கள், அதே நான்கு எண்தான் வரும். கிழமைக்கு முன்னாலும் ஒரு டேப் அடிக்க வேண்டும். அதை விட்டால் வரி முழுக்க ஒரு கட்டம் தள்ளிப்போகும். ஸ்பேஸ் தட்டி நகர்த்தவே கூடாது, எழுத்துரு மாறினால் எல்லாம் கலைந்துவிடும்.

ஏர்வாடி_கணினி:
தேதி புரள்வதற்கு டேப் காரணமில்லை. யூனிகோடு இருதிசை விதிப்படி, எண்ணுக்கு முன்னால் கடைசியாக வந்தது அரபு எழுத்தென்றால் அந்த எண் அரபு எண்ணாகக் கணக்காகும். நடுவில் டேப் இருந்தாலும் விதி அதைத் தாண்டித் தேடும். அந்த நிலையில் சிறுகோடு எண்களைச் சேர்த்துப் பிடிக்காது, மூன்று துண்டும் வலமிருந்து அடுக்கப்படும். முக்காற்புள்ளியும் சாய்கோடும் பிடித்துக்கொள்ளும். உங்கள் 5:02 தப்பித்தது அதனால்தான்.

ஆகவே 05/03/2026 என்று அடித்தாலே போதும். சிறுகோடுதான் வேண்டுமென்றால் 05-க்கு முன்னால் இடமிருந்து வலக் குறியைச் செருகுங்கள். செருகு பட்டியலில் வடிவமைப்புக் குறிகளுக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அச்சிலும் வராது. பாராவை இடமிருந்து வலமாக்கிப் பார்க்காதீர்கள், அப்போதும் தேதி புரளும்.

கீழக்கரை_தட்டச்சு:
நான்கு நிரலும் நேராக வந்துவிட்டன. சாய்கோடே போட்டுவிட்டேன். ஆனால் அரபு எழுத்துருவை மாற்றினால் தமிழும் சேர்ந்து மாறுகிறதே?

பாம்பன்_டிடிபி:
ரைட்டரில் தமிழும் அரபும் சிக்கல் எழுத்து (CTL) என்ற ஒரே எழுத்துருப் பெட்டியில்தான் இருக்கின்றன. தமிழுக்கு ஒன்று, அரபுக்கு ஒன்று என இரண்டு பாரா பாணி (பாராவின் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஸ்டைல்) உண்டாக்குங்கள். திசை, எழுத்துரு, அந்த நான்கு டேப் எல்லாவற்றையும் பாணிக்குள்ளேயே வையுங்கள். வரிவரியாக ரூலரில் இழுத்து வைத்திருக்கும் டேப்புகளை முதலில் அழித்துவிடுங்கள்; அவை இருக்கும்வரை பாணியில் மாற்றும் அளவு அந்த வரிகளில் சரியாக உட்காராது.