காலை சர்க்கரை மட்டும் இறங்கவில்லை: வழி சொல்லுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெறும் 58 வயதுப் பெண். 3 வாரமாக வெறும் வயிற்றுச் சர்க்கரை 240–260. பகலில் சாப்பிட்டபின் 180தான். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 9.8, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கான சோதனை) 0.9. மெட்ஃபார்மின் மாத்திரை 1000 மி.கி. இருவேளை. 30/70 இன்சுலின் (30% விரைவில் வேலைசெய்யும் ரெகுலர், 70% மெதுவாக நீடிக்கும் என்.பி.எச். கலந்தது) காலை 20, இரவு 7 மணிக்கு 12 யூனிட்.

இன்சுலின் குப்பி மி.லி.க்கு 40 யூனிட் வகை, சிரிஞ்சும் அதற்கான சிவப்பு மூடிதான். (100 யூனிட் வகைக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கலந்துவிட்டால் அளவே மாறிவிடும் என்பதால் முதலில் பார்த்தது அதைத்தான்.) ஊசி போடும் இடத்தில் கட்டியில்லை. குப்பியை உருட்டிக் கலக்குகிறார், மண்பானையில் வைக்கிறார். அதிகாலை 3 மணிக்கு 210. ஆகவே இரவில் தாழ்சர்க்கரை இல்லை. படுக்கும்முன் பால், பழம் நிறுத்தியாயிற்று. 7 மணி ஊசி விடியும்வரை தாங்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரவு டோஸைப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன் ரெகுலர் 4, பத்து மணிக்கு என்.பி.எச். 8 யூனிட் என மாற்றலாமா?